கணினி நிறுத்தமும் மின்துண்டிப்பும்

இயங்குதளம் தன் பணிகள் அனைத்தையும் முடித்துக்கொண்டு, மையச் செயலகம் மேற்கொண்டு எந்தக் கட்டளையையும் நிறைவேற்றாதபடி நிற்கவைப்பது கணினி நிறுத்தம் ஆகும். ஆங்கிலத்தில் இது ஹால்ட் எனப்படுகிறது. அவ்வாறு நின்ற கணினிக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்துவது மின்துண்டிப்பு, அதாவது பவர் ஆஃப். பேச்சு வழக்கில் இரண்டையும் சேர்த்துக் 'கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுவது' என்கிறோம். இன்றைய கணினிகளில் ஒரே சொடுக்கில் இரண்டும் அடுத்தடுத்து நடந்துவிடுவதால் இவற்றின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதல் செயல் மென்பொருளின் வேலை. அடுத்தது வன்பொருளின் வேலை. முதலாவது முடியுமுன் இரண்டாவது நடந்தால், எழுதி வைத்த கோப்பு கெட்டுப்போகலாம். இரண்டாவது முழுமையாக நடந்துவிட்டது என்று தவறாக நம்பிக் கணினியைத் திறந்தால், தாய்ப்பலகை பழுதாகலாம். ஆகவே மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களில் கணினி கற்கும் மாணவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது பயனுடையது.

ஒரு பேருந்து ஒப்பீடு

கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்ட பேருந்து சின்னசேலம் பேருந்து நிலையத்துக்குள் வந்து நிற்கிறது என்று கொள்வோம். பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் இறங்குகிறார்கள். நடத்துநர் கணக்கை எழுதி முடிக்கிறார். பேருந்து நின்றுவிட்டது, ஆனால் எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது. இது கணினி நிறுத்த நிலை. பிறகு ஓட்டுநர் எஞ்சினை அணைக்கிறார். இது மின்துண்டிப்பு. அப்போதும் பேட்டரி இணைப்பு அப்படியே இருப்பதால் உள்விளக்கைப் போட்டால் எரியும். மெக்கானிக் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் வண்டியில் மின்சாரமே இல்லை என்று சொல்ல முடியும். கணினியிலும் இந்த மூன்றாவது நிலை உண்டு.

பயணிகளை இறக்காமல் நடுவழியில் எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகுமோ, அதுதான் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் மின்சாரம் திடீரென்று போகும்போது ஆகிறது.

நிறுத்தத்துக்கு முன் நடப்பவை

ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து 'சேமி' என்பதை அழுத்தியவுடன் அது வன்வட்டில் ஏறிவிட்டதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி உடனே ஏறுவதில்லை. வன்வட்டு மெதுவானது, நினைவகம் வேகமானது. ஆகவே இயங்குதளம் எழுத வேண்டிய தரவை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சற்றுப் பிறகு மொத்தமாக வட்டில் எழுதுகிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில், இதற்கான பணி 5 விநாடிகளுக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிகளுக்கு மேல் காத்திருக்கும் தரவை வட்டுக்கு அனுப்புகிறது. இந்த இடைவெளியில் மின்சாரம் போனால், நினைவகத்தில் காத்திருந்தது போனதுதான்.

முறையான நிறுத்தம் இந்தக் காத்திருப்பை முடித்துவைக்கிறது. லினக்ஸில் அதன் படிகள் ஏறத்தாழ இவை:

1. கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களுக்கு அறிவிப்பு செல்கிறது. புதிதாக யாரும் உள்நுழைய முடியாது.

2. பின்னணியில் ஓடும் சேவைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன. தொடங்கியபோது இருந்த வரிசை இப்போது தலைகீழாகிறது. தரவுத்தளத்தை நம்பி ஓடும் நிரல் முதலில் நிற்கும். தரவுத்தளம் பிறகு நிற்கும்.

3. எஞ்சியுள்ள நிரல்களுக்கு 'வேலையை முடித்துக்கொள்' என்ற பொருளில் 15ஆம் எண் சைகை அனுப்பப்படுகிறது. இதன் பெயர் டெர்ம். நல்ல நிரல் இதைக் கேட்டதும் தன் கோப்புகளை மூடிவிட்டு வெளியேறும். கேளாத நிரலுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டு, கில் எனப்படும் 9ஆம் எண் சைகை அனுப்பப்படும். இதை எந்த நிரலும் மறுக்க முடியாது. இன்றைய லினக்ஸ் பலவற்றில் உள்ள சிஸ்டம்டி, ஒரு சேவைக்கு வழக்கமாகத் தரும் அவகாசம் 90 விநாடி. அணைக்கும்போது சில வேளை ஒன்றரை நிமிடம் திரை அப்படியே நிற்பதன் காரணம் இதுவே.

4. நினைவகத்தில் காத்திருக்கும் தரவு முழுவதும் வட்டில் எழுதப்படுகிறது.

5. கோப்பு முறைமைகள் கழற்றிவிடப்படுகின்றன. கழற்ற முடியாத முதன்மைக் கோப்பு முறைமை, படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றப்படுகிறது. இதற்குப் பிறகு வட்டில் யாரும் எழுத முடியாது.

6. கெர்னல் எனப்படும் கருனியிடம் இறுதிக் கோரிக்கை செல்கிறது. நிறுத்துவதா, மின்சாரத்தைத் துண்டிப்பதா, மீண்டும் தொடங்குவதா என்பது இங்கேதான் பிரிகிறது.

முதல் ஐந்து படிகளும் மூன்றுக்கும் பொது. வேறுபாடு ஆறாவது படியில் மட்டுமே. ஐந்தாம் படி முடிந்துவிட்டால், அதன்பின் மின்சாரம் எப்படிப் போனாலும் கோப்புகளுக்குக் கேடு இல்லை.

விண்டோஸும் இதே வழியில்தான் செல்கிறது. திறந்திருக்கும் நிரல்களிடம் மூடிக்கொள்ளச் சம்மதம் கேட்கிறது. சேமிக்காத கோப்பு இருந்தால், இன்ன நிரல் நிறுத்தத்தைத் தடுக்கிறது என்று திரையில் காட்டுகிறது. அந்தத் திரையில் அவசரப்பட்டு 'எப்படியும் அணை' என்பதைச் சொடுக்குவது, நிரலுக்குக் கில் சைகை அனுப்புவதற்கு ஒப்பானது.

நின்றுவிட்ட செயலகம்

எக்ஸ்86 வகைச் செயலகங்களில் எச்எல்டி என்றோர் ஆணை உண்டு. 1978இல் வெளிவந்த இன்டெல் 8086 செயலகத்திலேயே இது இருந்தது. இந்த ஆணையைப் படித்ததும் செயலகம் அடுத்த ஆணைக்குப் போகாமல் நிற்கிறது. விசைப்பலகை, கடிகாரம் போன்ற ஒன்றிலிருந்து குறுக்கீடு வந்தால் விழித்துக்கொண்டு தொடரும்.

வேலை இல்லாத நேரங்களில் இயங்குதளங்கள் இத்தகைய ஆணைகளைக் கொண்டு செயலகத்தை ஓய்வில் வைத்து மின்சாரத்தையும் சூட்டையும் குறைக்கின்றன. அதாவது, நாம் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் கணினியின் செயலகம் ஒரு விநாடிக்குள் பலமுறை நின்று நின்று எழுகிறது. முழு நிறுத்தத்தில் மட்டும் ஒரு மாற்றம் உண்டு. குறுக்கீடுகளுக்குக் காதை அடைத்துவிட்டுக் கருனி இந்த ஆணையைக் கொடுக்கிறது. ஆகவே விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் செயலகம் எழாது.

திரையில் 'சிஸ்டம் ஹால்டட்' என்ற வரி நிற்கும். விசிறி சுற்றும், விளக்கு எரியும், நினைவகத்துக்கும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு உறைந்துபோன கணினி போலவே இருக்கும். உறைந்த கணினியில் மேற்சொன்ன படிகள் நடந்திருக்காது. நிறுத்தப்பட்ட கணினியில் அவை முடிந்திருக்கும். முன்னதை அணைக்கத் தயங்க வேண்டும். பின்னதைத் தயங்காமல் அணைக்கலாம்.

ஆரஞ்சு எழுத்துகளின் காலம்

1990களில் கணினி பயின்றவர்களுக்கு ஒரு திரை நினைவிருக்கும். விண்டோஸ் 95இல் ஷட் டவுன் கொடுத்தால், கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்துகளில், இப்போது கணினியை அணைப்பது பாதுகாப்பானது என்ற பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம் தோன்றும். அதன் பிறகு நாம்தான் கை நீட்டிப் பெட்டியின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

அக்காலக் கணினிகளில் பரவலாக இருந்த ஏடி வகை மின்வழங்கியில் சுவிட்ச், வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல மின்கம்பியை நேரடியாகத் துண்டித்தது. இயங்குதளத்துக்கு அந்தச் சுவிட்சைத் தொட வழியே கிடையாது. அது தன்னால் இயன்றதைச் செய்துவிட்டு, மீதியை மனிதரிடம் விட்டது. நிறுத்தமும் மின்துண்டிப்பும் அன்று கண்ணெதிரே இரண்டாகப் பிரிந்து நின்றன.

1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம் இதை மாற்றியது. இதில் பெட்டியின் முன்புறப் பொத்தான் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிப்பதில்லை. தாய்ப்பலகைக்கு ஒரு குறிப்பை மட்டும் அனுப்புகிறது. மின்வழங்கியிலிருந்து வரும் பச்சை நிறக் கம்பியைத் தாய்ப்பலகை கட்டுப்படுத்துகிறது. அந்தக் கம்பியைத் தரையிணைப்போடு சேர்த்தால் மின்வழங்கி முழுவதுமாக இயங்கும், விடுவித்தால் அணையும். இவ்வாறு மின்சாரத்தைத் துண்டிக்கும் உரிமை மென்பொருளின் கைக்கு எட்டியது.

அந்த உரிமையைக் கேட்டுப் பெற ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992இல் ஏபிஎம் என்ற முறையை வெளியிட்டிருந்தன. அதில் இயங்குதளம் பயாஸிடம் கேட்க, பயாஸ் வேலையைச் செய்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை ஏசிபிஐ என்ற தரத்தை வெளியிட்டன. இதில் மின்மேலாண்மையின் பொறுப்பு இயங்குதளத்துக்கே வந்தது. கணினியின் நிலைகள் எஸ்0 முதல் எஸ்5 வரை பெயரிடப்பட்டன. எஸ்0 இயங்கும் நிலை. எஸ்3 நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தரும் உறக்கநிலை. எஸ்4 நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு அணையும் ஆழ்துயில். எஸ்5 மென்பொருள் வழி அணைப்பு. மின்துண்டிப்பு கேட்கும்போது, தாய்ப்பலகையில் உள்ள ஒரு பதிவகத்தில் எஸ்5க்குரிய மதிப்பை இயங்குதளம் எழுதுகிறது. அந்த நொடியில் மின்சாரம் போய்விடும். கருனி நிறைவேற்றும் கடைசி வேலை அதுவே.

யூனிக்ஸ், லினக்ஸ் கட்டளைகள்

பழைய யூனிக்ஸ் கணினிகளைப் பராமரித்தவர்களிடம், அணைப்பதற்கு முன் சிங்க் என்ற கட்டளையை மூன்று முறை தட்டச்சு செய்யும் பழக்கம் இருந்தது. நினைவகத்தில் காத்திருப்பதை வட்டில் எழுதச் சொல்லும் கட்டளை அது. அன்றைய சிங்க், எழுதும் வேலையைத் தொடங்கிவிட்டு, முடியுமுன்பே திரும்பிவிடும். அடுத்தடுத்து இரண்டு முறை தட்டச்சு செய்யும் நேரத்தில் முதல் முறை கேட்டது முடிந்துவிடும் என்பதே அந்தப் பழக்கத்தின் பொருள். மூன்று என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை; காத்திருக்கச் செய்யும் உத்தி அது.

லினக்ஸ் கருனியில் ரீபூட் என்ற ஒரே அழைப்பு, நிறுத்தம், மின்துண்டிப்பு, மறுதொடக்கம் மூன்றையும் செய்கிறது. தவறுதலாக ஏதேனும் ஒரு நிரல் இதை அழைத்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு காப்பு எண்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது எண்ணாக ஏற்கப்படுபவற்றுள் ஒன்று 672274793. இதைப் பதினாறு அடிமான எண்ணாக மாற்றினால் 28121969 என்று வரும். அது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த நாள்: 28.12.1969. மாணவர்கள் இதைத் தாளில் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

இந்த அழைப்பில் நிறுத்தம் முதலில் வந்தது. மின்துண்டிப்பு பின்னால் சேர்ந்தது. லினக்ஸ் கையேட்டின்படி நிறுத்தம் 1.1.76 பதிப்பிலும், மின்துண்டிப்பு 2.1.30 பதிப்பிலும் இடம்பெற்றன. இடையில் இருந்த காலம், ஆரஞ்சு எழுத்துகளின் காலத்தோடு பொருந்துகிறது.

பயனர் தட்டச்சு செய்யும் கட்டளைகள் மூன்று: ஹால்ட், பவர்ஆஃப், ஷட்டவுன். பழைய முறையில் ஹால்ட் கட்டளையோடு 'பி' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் மின்சாரமும் போகும். சிஸ்டம்டி உள்ள கணினிகளில் ஹால்ட் என்றால் நிறுத்தம் மட்டும். பவர்ஆஃப் என்றால் நிறுத்தமும் மின்துண்டிப்பும். ஷட்டவுன் கட்டளையில் சிறிய 'எச்' எழுத்தைக் கொடுத்தாலும் இப்போது மின்சாரம் துண்டிக்கப்படும். நிறுத்தம் மட்டும் வேண்டுமானால் பெரிய 'எச்' எழுத்தைக் கொடுக்க வேண்டும். பழைய பாடநூலைப் பார்த்துப் பயிலும் மாணவர்கள் இந்த இடத்தில் குழம்புவது இயல்பு.

நிறுத்தம் மட்டும் தேவைப்படும் இடங்கள்

மின்சாரத்தையும் சேர்த்தே துண்டிக்கும் வசதி வந்தபின், வெறும் நிறுத்தம் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, பழுது பார்த்தல். அணையும் நேரத்தில் தோன்றும் பிழைச் செய்தியைப் படிக்க வேண்டுமானால் திரை அணையக் கூடாது. நிறுத்தம் மட்டும் கொடுத்தால் கடைசி வரி திரையிலேயே நிற்கும்.

இரண்டு, யுபிஎஸ் இணைத்த சேவையகங்கள். மின்வெட்டு நீண்டு யுபிஎஸ்ஸின் மின்கலம் தீரும் நிலைக்கு வந்தால், அதன் மென்பொருள் கணினியை அணைத்துவிடும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழ வேண்டும். மின்சாரம் திரும்பும்போது என்ன செய்வது என்று பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. அதில் 'முன்பிருந்த நிலைக்குத் திரும்பு' என்று வைத்திருந்தால் சிக்கல் வரும். பவர்ஆஃப் கொடுத்து அணைந்த கணினிக்கு முன்பிருந்த நிலை 'அணைந்த நிலை'. மின்சாரம் வந்தாலும் அது எழாது. யாரேனும் நேரில் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். வெறும் நிறுத்தம் கொடுத்து, பிறகு யுபிஎஸ் தன் மின்சாரத்தைத் துண்டித்தால், கணினியின் கணக்கில் அது ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதாகப் பதிவாகும். மின்சாரம் வந்ததும் தானே எழும். ஆள் இல்லாத இடத்தில் வைத்த கணினிக்கு இந்தச் சிறு வேறுபாடு பெரிய வேறுபாடு.

மூன்று, மெய்நிகர் கணினிகள். ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில் நிறுத்தம் கொடுத்தால், அது நின்றபடி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கென்று ஒதுக்கிய நினைவகம் விடுபடாது. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியானால், நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் வாடகை ஏறிக்கொண்டே போகவும் கூடும். இங்கே வேண்டியது மின்துண்டிப்பு.

தமிழ்நாட்டு மடிக்கணினிகளும் இரட்டைத் தொடக்கமும்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 15.09.2011 அன்று தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு பயின்ற மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் இவற்றைப் பெற்றனர். கல்வராயன் மலை ஊர்கள் உள்ளிட்ட பல இடங்களில் ஒரு வீட்டின் முதல் கணினி இதுவாகவே இருந்தது. இவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம். சி-டாக்கின் சென்னை மையம் இதை உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்தலாம்.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. அந்த நாள்களில் மடிக்கணினி ஒரு வகையில் நல்வாய்ப்பாக அமைந்தது. அதன் மின்கலமே யுபிஎஸ் ஆகச் செயல்படுவதால், மின்சாரம் போன நொடியில் அது அணைவதில்லை. முறையாக நிறுத்த நேரம் கிடைக்கிறது. பள்ளி ஆய்வகத்தின் மேசைக்கணினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யுபிஎஸ் பழுதான ஆய்வகத்தில், மின்சாரம் போகும்போதெல்லாம் எல்லாக் கணினிகளும் ஒருசேர நடுவழியில் நிற்கும்.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் என்ற வசதி சேர்ந்தது. இது இயக்கத்தில் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், பயனரின் நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் கருனி முழுமையாக நிற்பதில்லை. அது தன் நினைவக நிலையை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்கிறது. அடுத்த முறை அந்தக் கோப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடர்வதால் விரைவாக எழுகிறது. ஆக, இங்கே மின்சாரம் போய்விட்டது; இயங்குதளம் நிற்கவில்லை, உறைந்திருக்கிறது.

இந்த நிலையில் அதே கணினியை லினக்ஸில் தொடங்கி விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்பைத் திருத்த முயன்றால், லினக்ஸ் பெரும்பாலும் அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். அது பழுது அன்று, பாதுகாப்பு. உறைந்திருக்கும் விண்டோஸ், வட்டு எப்படி இருந்தது என்று நினைவில் வைத்திருக்கிறதோ அப்படியே இருக்கும் என்று நம்பி எழும். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் இரண்டு கணக்கும் மோதிக் கோப்புகள் சிதையும். வட்டு கெட்டுவிட்டதென்று எண்ணி எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவத் தேவையில்லை. விண்டோஸில் விரைவுத் தொடக்கத்தை நீக்கிவிடலாம். அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுக்கலாம். ரீஸ்டார்ட் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக நின்றே மீண்டும் எழுகிறது. 'அணைத்துப் போட்டால் சரியாகாத கோளாறு ரீஸ்டார்ட் கொடுத்தால் சரியாகிறதே' என்று பலர் வியப்பதன் விடையும் இதில் இருக்கிறது.

நடுவில் மின்சாரம் போனால்

கோப்பு முறைமைகள் இத்தகைய விபத்தை எதிர்பார்த்தே அமைக்கப்படுகின்றன. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4 போன்றவை ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்கின்றன. வட்டில் ஒரு மாற்றத்தைச் செய்யுமுன், செய்யப்போவதை அந்தக் குறிப்பேட்டில் எழுதுகின்றன. நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை எழும்போது குறிப்பேட்டைப் பார்த்து, அரைகுறையாக நின்றதை முடிக்கின்றன அல்லது விட்டுவிடுகின்றன. இதனால் கோப்பு முறைமையின் ஒழுங்கு காப்பாற்றப்படுகிறது. ஆனால் நினைவகத்திலேயே இருந்துவிட்ட கடைசிப் பத்தியை எந்தக் குறிப்பேடும் மீட்டுத் தராது.

பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட்32 முறைமைக்குக் குறிப்பேடு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஒரு கோப்பு மட்டுமன்றி முழுப் பட்டியலே குழம்பக்கூடும். பென் டிரைவைப் 'பாதுகாப்பாக வெளியேற்று' என்று சொல்வது, அந்த ஒரு வட்டுக்கு மட்டும் மேலே சொன்ன நான்காம், ஐந்தாம் படிகளைச் செய்யச் சொல்வதாகும்.

அணைந்த பிறகும் ஓடும் மின்சாரம்

எஸ்5 நிலையில் கணினி அணைந்திருக்கிறது. ஆனால் மின்சாரம் முற்றிலும் அற்றுப்போகவில்லை. ஏடிஎக்ஸ் மின்வழங்கி, ஊதா நிறக் கம்பி வழியே தாய்ப்பலகைக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை எப்போதும் அனுப்புகிறது. பொத்தான் அழுத்தப்பட்டதா என்று கவனிக்கவும், வலையமைப்பு வழியே வரும் எழுப்பும் சைகையைக் கேட்கவும் இந்த மின்சாரம் தேவை. சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிய நிலைக்கு ஏசிபிஐ தரத்தில் ஜி3 என்று பெயர். பேருந்தின் பேட்டரி இணைப்பைக் கழற்றிய நிலை இது. அப்போது தாய்ப்பலகையின் கடிகாரத்தை மட்டும் ஒரு 3 வோல்ட் பொத்தான் மின்கலம் ஓட்டிக்கொண்டிருக்கும்.

இதனால் இரண்டு எச்சரிக்கைகள். நினைவகப் பலகை, விரிவாக்க அட்டை போன்றவற்றைக் கழற்றுமுன் ஷட் டவுன் கொடுத்தால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றி, பிறகு ஒருமுறை பொத்தானை அழுத்தி மிச்சமுள்ள மின்னூட்டத்தையும் போக்க வேண்டும். மடிக்கணினியில் கழற்றத்தக்க மின்கலத்தையும் எடுத்துவிட வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் மாணவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

அடுத்தது இடி மின்னல். கோடை மழையில் மின்னல் வெட்டும்போது, அணைத்து வைத்த கணினியும் பிளக்கில் இருந்தால் மின்கம்பி வழியே வரும் மிகை மின்னழுத்தத்துக்கு ஆளாகலாம். பிளக்கைக் கழற்றுவதே காப்பு. இணையத்துக்கு வரும் கம்பி இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். ஆனால் இவற்றை இடி தொடங்குமுன்பே செய்துவிட வேண்டும்.

எப்போது எதைச் செய்வது

கணினி அணையும்போது தாமதித்தால், குறைந்தது இரண்டு நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஏதோ ஒரு நிரலுக்குத் தரும் அவகாசம் ஓடிக்கொண்டிருக்கலாம். வட்டு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் எழுதும் வேலை நடக்கிறது. அப்போது கை வைக்கக் கூடாது.

மின்சாரம் போய் யுபிஎஸ் கூவத் தொடங்கினால், செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்துவிட்டு உடனே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். 'இப்போது வந்துவிடும்' என்று காத்திருப்பதற்காகத் தரப்பட்ட நேரம் அன்று அது. பயணிகளை இறக்குவதற்காகத் தரப்பட்டது. துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மின்நிறுத்தம் என்று முன்கூட்டியே அறிவித்த நாளில், அந்த நேரத்துக்கு முன்பே ஆய்வகக் கணினிகளை முறையாக அணைத்துவிடுவது நல்லது.

லினக்ஸ் கணினி முற்றிலும் உறைந்துவிட்டால், ஆல்ட் விசையையும் சிஸ்ரிக் விசையையும் அழுத்திக்கொண்டு எஸ், யு, ஓ எழுத்துகளை நிதானமாக ஒவ்வொன்றாகத் தட்டலாம். எஸ் காத்திருக்கும் தரவை எழுதச் சொல்லும்; யு கோப்பு முறைமைகளைப் படிக்க மட்டும் என்று மாற்றும்; ஓ மின்சாரத்தைத் துண்டிக்கும். கடைசி எழுத்தாக ஓ-வுக்குப் பதில் பி கொடுத்தால் மறுதொடக்கம். எல்லாக் கணினியிலும் இது முழுதாக அனுமதிக்கப்பட்டிருக்காது.

எதற்கும் அசையாத கணினியில் பொத்தானை நான்கு விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்கலாம். அப்போது தாய்ப்பலகை இயங்குதளத்தைக் கேட்காமலே மின்சாரத்தைத் துண்டிக்கும். ஓடும் கணினியில் இது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும். 'சிஸ்டம் ஹால்டட்' என்று திரையில் நிற்கும் கணினியிலோ, செய்ய வேண்டிய முறையே இதுதான். அங்கே இயங்குதளம் தன் வேலையை முடித்துவிட்டு, நம் கைக்காகக் காத்திருக்கிறது.